அம்மா நட்ட ரோஜா

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பூக்கன்றுகளில் ஆசை. ஆனால் நாற்பது வயது வரைக்கும் ஒரு ரோஜாக் கன்றைக்கூட நான் என் கையால் நட்டதில்லை. ரோஜா வேரூன்றிப் பெருக்க ஒரு வருடமாவது வேண்டும். வன்னியில் நாங்கள் வாழ்ந்த காலத்தில், அடுத்த வருடமும் இதே வளவில்தான் இருப்போம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அதனால் மிளகாய், கத்தரி, பயற்றை என்று மூன்று நான்கு மாதத்தில் பலன் தருபவற்றைத்தான் நட்டோம். சில வருடங்களில் அதைக்கூடப் பறிக்காமல் விட்டுவிட்டு ஓடினோம். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

நான் பிறந்தது கினிகத்தேனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பாதையில் கித்துல்கல தாண்டி மலை ஏறினால் எங்கள் ஊர் வரும். 1977 ஆகஸ்ட் கலவரத்தின்போது எனக்கு ஏழு வயது. லயத்தை விட்டுக் காட்டுக்குள் ஒளிந்திருந்ததும், பிறகு லொறியில் ஏறியதும் நினைவிருக்கிறது. அப்படி வடக்கே போன பல மலையகக் குடும்பங்களைப் போல நாங்களும் கிளிநொச்சி தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினோம். 1996இல் கிளிநொச்சிப் பக்கமிருந்து சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது, மல்லாவியில் ஒரு மரத்தடிக் கொட்டிலில் அம்மா காய்ச்சல் கண்டு இறந்துபோனார். 2009இல் என் கணவர் ஷெல் பட்டு இறந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு நான் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தேன்.

2010இல் முகாமிலிருந்து வெளியே வரும்போது தருமபுரத்தில் எங்கள் வீடு இருந்த இடத்தில் சுவர்கூட மிஞ்சவில்லை. கினிகத்தேனையில் தங்கிவிட்ட என் பெரியம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். "ஒரு காம்பரா இருக்கு. புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துடு." அவ்வளவுதான் செய்தி. முப்பத்து மூன்று வருடம் கழித்து நான் பிறந்த லயத்துக்கே திரும்பி வந்தேன்.

பெரியம்மா தோட்டத்துத் தவறணையில் நெடுங்காலம் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஊரில் தவறணை என்றால் கள்ளுக்கடை. எங்கள் மலைநாட்டில் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடை. மகளும் முதலில் அப்படித்தான் விளங்கிக்கொண்டு, "பெரியம்மம்மா கள்ளா விற்றவ?" என்று என் காதுக்குள் கேட்டாள். முகாமை விட்டு வந்த பிறகு நாங்கள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

முதல் இரண்டு வருடம் எனக்கு எதிலும் மனம் பற்றவில்லை. கினிகத்தேனையும் வட்டவளையும் இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் பகுதிகள். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. கிளிநொச்சியில் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் துணி காயாது, சுவர் காயாது, காலில் அட்டை ஏறும். காய்ந்த மண்ணில் வாழ்ந்து பழகிய எனக்கு இந்த மழை பெரும் பாரமாக இருந்தது. கொழுந்து எடுக்கப் போவேன், வருவேன், படுப்பேன்.

2012 ஏப்ரலில் எங்கள் மாதர் சங்கத்தில் நுவரெலியா வசந்தகாலம் பார்க்கச் சுற்றுலா போட்டார்கள். பெரியம்மா வற்புறுத்தி என்னை அனுப்பினார். ஹக்கல பூங்காவுக்கும் போனோம். 1861இல் காய்ச்சல் மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. இன்று அங்குள்ள ரோஜாத் தோட்டத்தைப் பார்க்கத்தான் பலரும் போகிறார்கள். பாத்தி பாத்தியாகச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா. ஒரு பூ என் உள்ளங்கையை விடப் பெரிது. நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மற்றவர்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

திரும்பும் வழியில், வீதியோரம் கன்று விற்ற ஒருவரிடம் மூன்று ஒட்டுக் கன்றுகள் வாங்கினேன். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. மூன்றாவது மஞ்சளில் இளஞ்சிவப்புக் கரை போட்டது. "இதுக்குப் பேர் பீஸ். சமாதானம் என்று அர்த்தம்" என்றார் கடைக்காரர். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு என்னால் விட்டுவிட்டு வர முடியவில்லை. மூன்றுக்கும் சேர்த்து மூன்று நாள் சம்பளத்துக்கு மேல் கொடுத்தேன்.

காம்பராவின் இஸ்தோப்புக்கு முன்னால் குழி வெட்டி, மாட்டெரு போட்டு நட்டேன். சித்திரை முடிவதற்குள் மூன்றும் பூத்தன. லயத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அப்போதுதான் முறைக்கு மாமியான ஒருத்தர், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "தாலி இல்லாதவளுக்கு ரோசாப்பூ எதுக்கு? யாருக்கு வைக்கப் போறா?"

நான் ஒன்றும் பேசவில்லை. பேசத் தெரியவில்லை. அந்தப் பேச்சு எனக்கு மட்டும் விழுந்த பேச்சு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். கணவனை இழந்தவள் நல்ல சேலை உடுத்தினால் ஒரு பேச்சு, சிரித்தால் ஒரு பேச்சு, முற்றத்தில் பூக்கன்று வைத்தால் அதற்கும் ஒரு பேச்சு. பெரியம்மா உள்ளேயிருந்து வந்து, "பார்க்கிறதுக்கு வைக்கிறா. அவளுக்குக் கண்ணு இருக்குல்ல?" என்றார். மாமி போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தக் கன்றுகளை எப்படியாவது வாழவைத்துக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது.

மழை தொடங்கியது. இரண்டு கிழமைக்குள் இலைகளில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. புள்ளியைச் சுற்றி மஞ்சளாகி, தொட்டால் இலை கையோடு வந்தது. முதலில் விழுந்தது சமாதானம்தான். கடையில் கேட்டுப் பங்கசு நாசினி வாங்கி அடித்தேன். அடித்த மறுநாளே மழை கழுவிப் போனது. திரும்ப வாங்கினேன், திரும்ப அடித்தேன். மகளுக்குக் கொப்பி வாங்க வைத்திருந்த காசையும் எடுத்தேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆவணியில் மூன்றும் இலையில்லாத குச்சிகளாக நின்றன. புரட்டாதியில் குச்சியும் கறுத்தது. எங்கள் வீட்டில் சமாதானம் நாலு மாதம் இருந்தது.

குச்சிகளைப் பிடுங்கி, பீலிக்கரைக்குப் பின்னால் குப்பை போடும் இடத்தில் எறியப் போனேன். அங்கே கல்லுக்கட்டை ஒட்டி, புல்லும் செடியும் மூடிய ஒரு புதருக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. விலக்கிப் பார்த்தால் ரோஜா. சின்னப் பூ, தளர்ந்த இதழ், ஒரு கொத்தில் ஐந்தாறு. என் கன்றுகளை மொட்டையாக்கிய அதே மழையில் நனைந்துகொண்டு அது பூத்திருந்தது. அடி இலைகளில் சில புள்ளிகள் இருந்தன. மேலே எல்லாம் பச்சை.

பெரியம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே, "அது உங்கம்மா நட்டது புள்ள" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"நீ கைப்புள்ளையா இருக்கிறப்ப நட்டா. பங்களாத் தோட்டத்துல வெட்டிப்போட்ட குச்சி. பீலிக்குத் தண்ணிக்குப் போறப்ப ஊனி வச்சா. நீங்க போனதுக்கப்புறம் யாரு பார்த்தா? ஆடு மேஞ்சுச்சு, ஒருதரம் அரிவாளால அடியோட அறுத்தாங்க. அது பாட்டுக்கு வரும்."

மல்லாவியில் அம்மாவைப் புதைத்த இடத்தை என்னால் இன்று அடையாளம் காட்ட முடியாது. ஒரு படம்கூட என்னிடம் இல்லை. எல்லாம் 2009இல் போய்விட்டது. அவர் கையால் செய்த ஒரு பொருள் இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று மழையில் அந்தப் புதரடியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பெரியம்மா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பிறகு அவர்தான், "அழுதது போதும். குச்சி வெட்டு, நட்டுப் பார்ப்போம்" என்றார்.

ஏன் ஒன்று செத்தது, ஏன் ஒன்று வாழ்ந்தது

இதை விளங்கிக்கொள்ள எனக்கு வருடங்கள் எடுத்தன. மகள் படித்து முடித்து ஒரு கைத்தொலைபேசி வாங்கிய பிறகு, அவள் தேடி வாசித்துச் சொன்னவற்றையும் என் கண்ணால் கண்டவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரோஜாவின் கரும்புள்ளி ஒரு பங்கசு நோய். அதன் வித்து முளைக்க, இலை தொடர்ந்து ஏழு மணித்தியாலமாவது ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஏழு நாள் தொடர்ந்து ஈரமாக இருக்கும். விழுந்த இலையில் மழைத்துளி பட்டுத் தெறிக்கும்போது நோய் மேலே ஏறுகிறது. நுவரெலியாவும் மலைநாடுதான். ஆனால் அங்கே பெய்யும் மழை ஏறக்குறைய 2000 மில்லிமீற்றர், எங்கள் பக்கத்தில் பெய்வதில் பாதிகூட இல்லை, குளிரும் அதிகம். அங்கே, அத்தனை பேர் பராமரிப்பில் சிரிக்கும் ரோஜா இங்கே என் முற்றத்தில் சிரிக்கும் என்று நினைத்தது என் அறியாமை.

இன்னொரு விடயமும் உண்டு. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து அங்கே போன ரோஜாக்கள் மாதாமாதம் பூத்தன. அந்தச் சீன இனங்களைக் கலந்துதான் இன்று நாம் காணும் பெரிய பூ ரோஜாக்கள் உருவாயின. கடும் மஞ்சள் நிறம் பிறகு வந்தது. பிரான்சில் பெர்னே டூஷே என்பவர் பாரசீகத்து மஞ்சள் ரோஜாவைக் கலந்து 1900இல் ஒரு புது ரோஜாவை வெளியிட்டார். அந்த நிறத்தோடு சேர்ந்து கரும்புள்ளிக்கு எளிதில் ஆளாகும் குணமும் பின்வந்த கன்றுகளுக்குப் போனது என்கிறார்கள். என் மஞ்சள் கன்று முதலில் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அந்த பீஸ் ரோஜாவின் கதையையும் மகள் வாசித்துக் காட்டினாள். பிரான்சில் பிரான்சிஸ் மெய்லாந்து என்பவர் அதை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் சமயம், 1939இல், அதன் ஒட்டுக் குச்சிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைத்தார். போர் வந்து தொடர்பு அறுந்தது. அமெரிக்காவுக்குப் போனது அங்கே பிழைத்து வளர்ந்தது. 1945 ஏப்ரல் 29ஆம் திகதி அதற்குச் சமாதானம் என்று பெயர் சூட்டினார்கள். ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகளுக்கு அந்தப் பூவில் ஒவ்வொன்று கொடுத்தார்களாம். கேட்டபோது அந்தச் செத்த கன்று மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. அதுவும் போருக்குத் தப்பியதுதான். எங்கள் மழைக்கு மட்டும் தப்பவில்லை.

அம்மாவின் ரோஜாவின் படத்தைப் பூக்கன்று பற்றித் தெரிந்த ஒரு உத்தியோகத்தரிடம் மகள் காட்டினாள். பழைய சீன ரோஜா வகை போல இருக்கிறது என்றார். சொந்த வேரில் நிற்கிறது, ஒட்டு அல்ல, அதனால்தான் அடியோடு அறுத்தும் அதே ரோஜாவாகவே முளைத்தது என்றும் சொன்னார். ஒட்டுக் கன்றை அப்படி அறுத்தால் அடியில் இருக்கும் காட்டு ரோஜாதான் துளிர்க்கும்.

கவனிப்புக் குறைந்த ரோஜாவைத் தேடுவது நமக்கு மட்டும் உள்ள தேவை அல்ல. அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர், மருந்து அடித்தே சலித்துப்போய், நோய் பிடித்த இலைகளைச் சேர்த்துக் காயவைத்துத் தூளாக்கித் தன் நாற்றுக்கள்மேல் தூவினாராம். அதற்கும் சாகாமல் நின்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். அப்படி வந்ததுதான் 2000ஆம் ஆண்டில் வெளியான நொக் அவுட் என்ற ரோஜா. டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றிலும் மருந்தும் உரமும் போடாமல் ரோஜாக்களை வளர்த்துச் சோதித்தார்கள். அதில் தேறியவற்றில் பழைய சீன வகைகளும் இருக்கின்றன. அவர்கள் செய்த சோதனையை எங்கள் பீலிக்கரையில் மழையும் ஆடும் அரிவாளும் முப்பத்தைந்து வருடம் செய்திருக்கின்றன.

பெரியம்மா கற்றுத்தந்த முறை

தேயிலைக் குச்சி நடும் கைக்கு ரோஜாக் குச்சி பெரிய வேலை அல்ல என்பார் பெரியம்மா. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

பூத்து முடிந்த கிளையில், பென்சில் மொத்தத்தில், ஆறு முதல் எட்டு அங்குல நீளமான குச்சியாக வெட்டுங்கள். இளந்தளிர் அழுகிவிடும், கிழட்டுக் கட்டை வேர் விடாது. கீழ்முனையை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். மேலே இரண்டு இலை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். தவறணையில் தேயிலைக்குச் செய்வது போலப் பொலித்தீன் பையில் அடிமண்ணும் ஆற்று மணலும் கலந்து நிரப்புங்கள். இந்த நேரத்தில் எரு வேண்டாம். எரு போட்டால் குச்சி அழுகும். குச்சியில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். தண்ணீர் தெளித்து, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலை மேலே கவிழ்த்து, நிழலில் வையுங்கள். பெருமழை குறையும் ஐப்பசியில் நாங்கள் இதைச் செய்வோம். நாலு முதல் ஆறு கிழமையில் துளிர் வரும். துளிர் வந்தாலும் இழுத்துப் பார்க்காதீர்கள். நான் இழுத்துப் பார்த்து மூன்றைக் கெடுத்தேன்.

முதல் தடவை பத்துக் குச்சி வைத்தோம். ஆறு பிழைத்தது.

நடும்போது குழிக்குள் நடாமல் மண்ணைக் கூட்டி மேடு கட்டி நடுங்கள். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. கன்றுக்குக் கன்று மூன்று அடி விட்டால் காற்று புகுந்து இலை காயும். தேயிலை மண் புளிப்பு மண். ரோஜாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. அதனால் தோட்டத்தில் தேயிலைக்குப் போடும் டொலமைட்டில் ஒரு பிடி எடுத்து நடுவதற்கு முன் மண்ணில் கலப்போம். விழுந்த இலைகளைக் கூட்டி எடுத்து எரித்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்தால் பாதி நோய் குறையும். வருடத்துக்கு ஒரு தடவை காய்ந்த கிளைகளை எடுத்து, மற்றதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்போம். தேயிலைக்குச் செய்யும் கவ்வாத்து மாதிரி அடியோடு வெட்டத் தேவையில்லை. கூட்டெரு வருடத்துக்கு இரண்டு கூடை. இவ்வளவுதான் பராமரிப்பு.

2021 மே மாதத்தில் இரசாயன உரமும் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்தார்கள். அந்த வருடம் கார்த்திகையில் தடையை நீக்கினாலும், 2022 நெருக்கடியில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. தேயிலை மஞ்சளானது, மரக்கறி குறைந்தது. டவுன் பக்கம் ஒட்டு ரோஜா வளர்த்த சிலர் மருந்தில்லாமல் கன்றுகளைக் கைவிட்டார்கள். அப்போது எங்கள் லயத்து வரிசையில் பதினேழு வீட்டு வாசலில் அம்மாவின் ரோஜா இருந்தது. அதற்கு முன்னும் அவற்றுக்கு யாரும் எதுவும் அடித்ததில்லை. அந்த வருடமும் அவை வழக்கம்போலப் பூத்தன.

உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தப் பூவைக் கொய்து கடைக்கு விற்க முடியாது. இரண்டு நாளில் இதழ் கொட்டும். கல்யாண மாலைக்கு ஆகாது. கோயிலுக்கு உதிரிப் பூவாகக் கொடுக்கலாம். ஆனால் வேர் விட்ட கன்றுக்குக் கேட்டு வருகிறார்கள். நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து பையில் போட்டு வளர்க்கிறோம். நாலு பேரில் மூன்று பேர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். வருகிற காசு வீட்டை நடத்தப் போதாது. பிள்ளைகளின் பேருந்துக் காசுக்கும் கொப்பிக்கும் உதவும். அன்று நான் மருந்துக்கு எடுத்த கொப்பிக் காசை இப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன் என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

தருமபுரத்துக்குப் போன கன்று

மகள் கல்யாணம் முடித்து, 2019இல் தருமபுரத்தில் எங்கள் பழைய வளவுக்கே குடி போனாள். போகும்போது ஆறு கன்று கேட்டாள். எனக்குப் பயம். இந்த மழையில் வளர்ந்தது அந்த வெயிலில் நிற்குமா? மூன்று செத்தது. மூன்று நின்றது.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் சகோதரிகளுக்கு அவள் அனுபவத்தைச் சொல்கிறேன். அங்கே கரும்புள்ளி பெரிய எதிரி அல்ல. வெயிலும் சிவப்புச் சிற்றுண்ணியும்தான் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்டால் கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். மேடு கட்டாமல், தண்ணீர் நிற்கும்படி பாத்தி கட்டுங்கள். அடியில் வைக்கோல் அல்லது காய்ந்த இலையை மூன்று அங்குலம் மூடினால் ஈரம் நிற்கும். பிற்பகல் வெயில் மறையும் இடம் நல்லது. இலை வெளிறிப் பின்பக்கம் நூல் போலத் தெரிந்தால், காலையில் இலையின் பின்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். சிற்றுண்ணி கழன்று போகும். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணுக்கு டொலமைட் போடவே கூடாது.

சீன ரோஜா கிடைக்காதவர்கள் பன்னீர் ரோஜாவைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் அதை எட்வர்ட் ரோஜா என்றும் சொல்வார்கள். இந்து சமுத்திரத்தில் இருக்கும் ரியூனியன் தீவில், வேலிக்கு நட்ட சீன ரோஜாவும் டமஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த இனத்தைச் சேர்ந்தது அது. வெயிலைத் தாங்கும், குச்சியில் வளரும், வாசமும் உண்டு.

கன்று வாங்கப் போகுமுன் இன்னொரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் பழைய வீட்டுப் பக்கம், கோயில் கிணற்றடி, பள்ளிக்கூட மூலை, ஆள் திரும்பாத வளவு ஆகிய இடங்களைச் சுற்றிப் பாருங்கள். யாரும் பார்க்காமலே ஒரு ரோஜா நின்று பூத்தால், உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றது அதுதான். வளவுக்காரரைக் கேட்டு இரண்டு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்காத இடத்துக்குள் மட்டும் பூவுக்காகக் கால் வைக்காதீர்கள்.

பெரியம்மா இப்போது இல்லை. அவருடைய முப்பதாம் நாள் படையலுக்கு லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணம் அந்த ரோஜா இதழ் கொண்டுவந்தார்கள். அன்று பேசிய மாமியும் கொண்டுவந்தார். அவர் வாசலிலும் இரண்டு கன்று நிற்கிறது. அவருடைய மகள் கணவனை இழந்து பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பிறகு, குச்சி கேட்டு என்னிடம் வந்தவர் அவர்தான். நான் பழையதைப் பேசவில்லை. வேர் விட்ட கன்றாகவே பார்த்துக் கொடுத்தேன்.

போன தைப்பொங்கலுக்குத் தருமபுரம் போனேன். நான் நடந்து திரிந்த அதே வளவில், கிணற்றடியில், அந்த ரோஜா இடுப்புயரம் வளர்ந்து நின்றது. பேத்தி ஒரு கொத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்து என் தலையில் சொருகினாள். பதினைந்து வருடத்துக்கு மேல் நான் பூ வைத்ததில்லை. கை தானாகவே அதை எடுக்கப் போனது. மகள் அடுப்படியிலிருந்து பார்த்து, "இருக்கட்டும் அம்மா, உங்கட அம்மா நட்டதுதானே" என்றாள்.

அன்று பின்னேரம் பூ வாடி விழும் வரைக்கும் நான் அதை எடுக்கவில்லை.